மஞ்சள் உடம்பு, நான்கு நீலக் கோடு: இந்த மீன் ஏன் இவ்வளவு பளிச்சென்று இருக்கிறது?

பவளப்பாறைப் படங்களைப் புரட்டினால் எப்படியும் நீலவரி ஸ்னாப்பர் என்ற இந்த மீன் கண்ணில் படும். எலுமிச்சை மஞ்சள் உடம்பு, தலையிலிருந்து வாலை நோக்கி ஓடும் நான்கு நீலக் கோடுகள். அதுவும் ஒன்றிரண்டு இல்லை, நூறு இருநூறு மீன்கள் ஒரே திசையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே மிதக்கும். படத்துக்குக் கீழே வரும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: இவ்வளவு பளிச்சென்று இருந்தால் பெரிய மீன் வந்து தின்றுவிடாதா?

அதற்கு மூன்று பதில்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. விஷ மீனாக இருக்கும், அதைக் காட்டத்தான் இந்த நிறம் என்பது ஒன்று. ஜோடியை மயக்க என்பது இன்னொன்று. பவளப்பாறையில் எல்லாமே வண்ணமயம், அதில் இதுவும் கலந்துவிடும் என்பது மூன்றாவது. முதல் பதில் தப்பு. விஷத்தைக் காட்டி மிரட்டும் மீன் இல்லை இது, களவா மாதிரி வேட்டை மீன்களுக்கு நல்ல இரை. இரண்டாவதும் ஒட்டவில்லை, ஏனென்றால் ஆணும் பெண்ணும் பார்க்க ஒரே மாதிரி, ஆளை வைத்துப் பிரிக்க முடியாது. மூன்றாவது பாதி சரி, ஆனால் சொல்லும் காரணம் தலைகீழ். படங்களில் பார்க்கிற அளவுக்குப் பவளப்பாறை வண்ணமயமாக இருப்பதே இல்லை.

கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. பளிச்சென்று இருப்பது மீனின் குணம் என்று எடுத்துக்கொள்கிறோம். அது மீனிடம் மட்டும் இருக்கிற விஷயம் இல்லை. யார் பார்க்கிறார்கள், எவ்வளவு தூரத்திலிருந்து, எந்த வெளிச்சத்தில் என்ற மூன்றும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொன்றாக வருவோம்.

முதலில் ஆள் யார்?

ஸ்னாப்பர் என்பது ஒரே ஒரு மீனின் பெயர் இல்லை, ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். லூட்ஜானிடே என்ற அந்தக் குடும்பத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. தமிழில் சங்கரா, செப்பிலி என்றெல்லாம் சொல்கிறோம், ஆனால் சங்கரா என்ற பெயரில் ஸ்னாப்பர் குடும்பத்தைச் சேராத மீன்களும் வந்துவிடுவதால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க நம் ஆளை நீலவரி ஸ்னாப்பர் என்றே கூப்பிடுகிறேன்.

அறிவியல் பெயர் லூட்ஜானஸ் கஸ்மீரா. காஷ்மீருக்குக் கடலே கிடையாதே என்று யோசிக்க வேண்டாம், செங்கடல் கரையில் இந்த மீனுக்கு வழங்கிய அரபுப் பெயரிலிருந்து எடுத்தது அது. எடுத்தவர் பீட்டர் ஃபோர்ஸ்கோல். டென்மார்க் அரசர் அரேபியாவுக்கு அனுப்பிய ஆய்வுக்குழுவில் இயற்கையியலாளராகப் போனவர், 1763-ல் ஏமனிலேயே மலேரியாவில் இறந்துபோனார். குழுவில் உயிரோடு ஊர் திரும்பியது கார்ஸ்டன் நீபூர் ஒருவர்தான். அவர் ஃபோர்ஸ்கோலின் குறிப்புகளை 1775-ல் அச்சிட்டதால்தான் இந்தப் பெயர் நமக்குக் கிடைத்தது. ஒரு மீன் பெயருக்குப் பின்னால் இத்தனை சோகம்.

மீன் அவ்வளவு பெரிசு இல்லை. சாதாரணமாக 25 செ.மீ., அதிகபட்சம் 40 செ.மீ. வரை வளரும். செங்கடலிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தொடங்கி, இந்தியப் பெருங்கடல் முழுக்கப் பரவி, பசிபிக்கில் மார்கெசாஸ் தீவுகள் வரை போகிறது. வடக்கே தெற்கு ஜப்பான், தெற்கே ஆஸ்திரேலியா. அவ்வளவு பெரிய பரப்பில் வாழும் மீன் என்பதால் படங்களில் இவ்வளவு அடிக்கடி சிக்குவதில் ஆச்சரியமில்லை.

அடையாளம் காண்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். மஞ்சளில் நீலக் கோடு போட்ட ஸ்னாப்பர் இது மட்டும் இல்லை. கோடுகளை எண்ணுங்கள். ஐந்து இருந்தால் அது ஐவரி ஸ்னாப்பர், வேறு இனம். நான்கு இருந்தால் வயிற்றைப் பாருங்கள். நீலவரியின் வெள்ளை வயிற்றில் மங்கலான சாம்பல் கோடுகள் மெல்லிசாகத் தெரியும். வயிறு சுத்த வெள்ளையாக, கோடே இல்லாமல் இருந்தால் அது வங்காள ஸ்னாப்பர். அதற்கும் மேல் சந்தேகம் என்றால் முதுகுத் துடுப்பின் முட்களை எண்ணலாம்: நீலவரிக்கு 10, வங்காளத்துக்கு 11 அல்லது 12. நகர்ந்துகொண்டிருக்கும் மீனில் முள்ளை எண்ணுவது நடக்கிற காரியம் இல்லை, வயிற்றுக் கோடே போதும்.

தண்ணீர் ஒரு வடிகட்டி

சரி, இப்போது நிறத்துக்கு வருவோம். பழைய மஞ்சள் சோடியம் தெருவிளக்கின் கீழே சிவப்புக் காரைப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பாகவே தெரியாது, ஒரு மாதிரி அழுக்குப் பழுப்பாக இருக்கும். காரின் பெயின்ட் மாறவில்லை. அந்த விளக்கின் வெளிச்சத்தில் சிவப்பு கிட்டத்தட்ட இல்லை, அதனால் கார் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பவும் சிவப்பு இல்லை. ஒரு பொருளின் நிறம் என்பது அதன் மேல் விழும் வெளிச்சத்தில் அது எதைத் திருப்பி அனுப்புகிறது என்பதுதான்.

கடலுக்குள் நடப்பதும் இதேதான், ஆனால் இங்கே விளக்கைக் கெடுப்பது தண்ணீர். சூரிய வெளிச்சத்தில் எல்லா நிறமும் உண்டு. தண்ணீர் முதலில் சிவப்பை விழுங்குகிறது, அப்புறம் ஆரஞ்சை, அப்புறம் மெதுவாக மஞ்சளை. தெளிந்த கடலில் பத்து மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதே ஆழத்தில் மஞ்சளில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியிருக்கும், நீலம் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

அப்படியானால் படங்களில் தெரியும் அந்தச் செக்கச் செவேல் பவளம்? அது கேமராவின் ஃபிளாஷ் செய்யும் வேலை. படம் எடுப்பவர் ஒரு குட்டிச் சூரியனைக் கையில் கொண்டுபோய், ஒரு மீட்டர் தள்ளி நின்று வெளிச்சம் போடுகிறார், தண்ணீர் வடிகட்டுவதற்குள் சிவப்பு போய்த் திரும்பி வந்துவிடுகிறது. அந்தக் காட்சியை அங்கே வாழும் எந்த மீனும் ஒருநாளும் பார்த்ததில்லை.

இன்னொரு விஷயத்தை ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். தண்ணீர் மேலிருந்து கீழே வரும் வெளிச்சத்தை மட்டும் வடிகட்டுவதில்லை, பக்கவாட்டிலும் அதே வேலையைச் செய்கிறது. ஐந்து மீட்டர் ஆழத்தில் இருக்கிற மீனைப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்த்தால், வெளிச்சம் மொத்தம் பதினைந்து மீட்டர் தண்ணீரைக் கடந்துதான் கண்ணுக்கு வருகிறது.

இதே குடும்பத்தில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. எம்பரர் ரெட் ஸ்னாப்பர் என்ற பெரிய உறவினர், மீட்டர் நீளத்தைத் தாண்டி வளரும், வளர்ந்தபின் உடம்பு முழுக்கச் சிவப்பு. மேலே எடுத்துவந்து பார்த்தால் கண்ணைப் பறிக்கும். அது வாழும் ஆழத்திலோ சிவப்பு வெளிச்சமே கிடையாது, அதனால் அங்கே அது மங்கலான சாம்பல் நிழல் மாதிரிதான். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு இருட்டறையில் நிற்பவனை யார் கண்டுபிடிப்பார்கள்? அந்த மீன் குட்டியாக இருக்கும்போது வேறு கோலம். வெள்ளை உடம்பில் அகலமான கரும்பட்டைகள் போட்டு, கடல் முள்ளெலிகளின் நீண்ட கறுப்பு முட்களுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். முட்களுக்கு ஏற்ற உடை அது.

இதுவரை சொன்னதன் சாரம்: கடலில் சிவப்பு சீக்கிரம் சாகும், நீலம் நெடுந்தூரம் போகும், மஞ்சள் நடுவில். நீலவரியிடம் இருப்பது மஞ்சளும் நீலமும். அதாவது, கடலில் வேலை செய்யக்கூடிய இரண்டு நிறங்கள்.

தூரத்தில் கரைவது எப்படி

செய்தித்தாளில் வரும் வண்ணப்படத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். முகத்தின் தோல் நிறம் என்று நீங்கள் நினைத்த இடத்தில் தோல் நிறமே இருக்காது. மஞ்சள் புள்ளி, இளஞ்சிவப்புப் புள்ளி, நீலப் புள்ளி, கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். கண்ணால் பிரிக்க முடியாத அளவுக்குப் புள்ளிகள் சிறிதாக இருப்பதால் எல்லாம் கலந்து ஒரே நிறமாகத் தெரிகிறது. நெருக்கமான கோடு போட்ட துணியைத் தெருவின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் இதே கதைதான், கோடு காணாமல் போய் நடுவாந்தரமான ஒரு நிறம் மட்டும் மிஞ்சும்.

இதைத் தீர்மானிப்பது பார்வைக் கூர்மை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோடுகளை இரண்டு என்று பிரித்துக் காணும் கண்ணின் திறன் என்று அதைச் சொல்லலாம். மனிதக் கண் இதில் கில்லாடி. மீன்களின் கண்கள் பெரும்பாலும் நம்மைவிடப் பல மடங்கு மங்கல். நாம் பளிச்சென்று எண்ணிவிடும் கோடுகள், நான்கைந்து மீட்டர் தள்ளி நிற்கும் ஒரு வேட்டை மீனுக்கு ஏற்கெனவே ஒன்றோடொன்று குழைய ஆரம்பித்திருக்கும்.

மஞ்சளும் நீலமும் குழைந்தால் என்ன வரும்? ஒன்று அனுப்பாத வெளிச்சத்தை மற்றது அனுப்புகிறது, அதனால் இரண்டும் சேர்ந்தால் எந்தப் பக்கமும் சாயாத மந்தமான ஒரு நிறம் கிடைக்கும், அது பின்னணியோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் மார்ஷல் பவளப்பாறை மீன்களின் நிறங்களைக் கருவி வைத்து அளந்து, அவற்றை நம் கண்ணால் இல்லாமல் மீனின் கண்ணால் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டார். 2000-ம் ஆண்டில் வந்த அந்த ஆய்வின் கருத்து இதுதான்: மஞ்சளும் நீலமும் கிட்டத்தில் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும், தூரத்தில் ஒன்றில் ஒன்று கரையும். தனித்தனியாக எடுத்தாலும் நீலம் திறந்த கடலின் பின்னணி நிறத்தோடு பொருந்துகிறது, மஞ்சளோ, நமக்கு நம்பவே முடியாது, மீன் கண்ணுக்குப் பவளப்பாறையின் சராசரி நிறத்துக்குப் பக்கத்தில் வருகிறது.

இந்தக் கடைசி வரிதான் பலருக்கும் தொண்டையில் சிக்கும். எலுமிச்சை மஞ்சள் எப்படிப் பாறை நிறத்தோடு பொருந்தும்? பாறையும் மஞ்சளும் நமக்கு வேறுவேறாகத் தெரியக் காரணம், நம் கண்ணில் சிவப்பு வரை நீளும் ஒரு உணர்வு இருப்பதுதான். நிறம் உணரும் செல்களைக் கூம்பு செல்கள் என்பார்கள். நம்மிடம் மூன்று வகை இருக்கின்றன, அவற்றில் ஒன்று சிவப்புப் பக்கம் நன்றாக எட்டும். பவளப்பாறையில் வாழும் பல மீன்களுக்கு அந்த எட்டல் இல்லை, அவற்றின் உலகம் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே. சிவப்பு வராத அந்த ஆழத்தில் அது எதற்கு? சிவப்பை எடுத்துவிட்டால் பாசி படிந்த பழுப்புப் பாறைக்கும் மஞ்சள் மீனுக்கும் இருந்த பெரிய வித்தியாசம் சுருங்கிவிடுகிறது.

ஸ்னாப்பர்களின் கண்ணிலேயே இதற்கு அழகான சாட்சி கிடைத்திருக்கிறது. 1990-களில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறைப் பகுதியில் பன்னிரண்டு ஸ்னாப்பர் இனங்களின் கூம்பு செல்களைப் பரிசோதித்தார்கள். கரையோரக் கலங்கல், பச்சைத் தண்ணீரில் வாழும் இனங்களின் கூம்புகள் பச்சை, மஞ்சள் பக்கம் சாய்ந்திருந்தன. கரையை விட்டு விலகி நீலத் தண்ணீரில் வாழும் இனங்களின் கூம்புகள் நீலப் பக்கம். ஒரே குடும்பம்தான், ஆனால் குடியிருக்கும் தண்ணீருக்கு ஏற்ற கண்ணாடி போட்டிருக்கிறார்கள்!

சுருக்கமாக: தூரத்தில் நிற்கும் வேட்டை மீனுக்கு நீலவரி ஒரு மங்கல். பக்கத்தில் நீந்தும் கூட்டாளிக்கு அதே மீன் தெளிவான கோடு போட்ட முகவரி. ஒரே உடை, இரண்டு வேலை. ஒரு விஷயத்தை மட்டும் நேர்மையாகச் சேர்த்துவிடுகிறேன்: இந்த மீன் 265 மீட்டர் ஆழம் வரையிலும் கிடைத்திருக்கிறது, அந்த இருட்டில் மஞ்சளாவது நீலமாவது. இந்த வித்தையெல்லாம் வெளிச்சம் இருக்கும் மேல் தண்ணீரில்தான்.

சாயமும், சாயமில்லாத நீலமும்

இந்த மீனின் மஞ்சளும் நீலமும் உருவாகும் விதம் முற்றிலும் வேறுவேறு. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கோ இந்த மீனிடம் பிடித்ததே இதுதான்.

மஞ்சள் ஒரு சாயம். தோலில் இருக்கும் நிறச்செல்களுக்குள் மஞ்சள் நிறமித் துகள்கள் நிறைந்திருக்கின்றன. நிறமி என்றால் வெளிச்சத்தில் சில நிறங்களை விழுங்கிவிட்டு மீதியை விடும் பொருள், மஞ்சள்தூள் எப்படியோ அப்படி. இப்படி மஞ்சள் தரும் நிறமிகளில் முக்கியமான ஒரு வகை கரோட்டினாய்டு, கேரட்டுக்கு நிறம் தரும் அதே குடும்பம். மீனால் அதைத் தானே தயாரிக்க முடியாது. பாசி தயாரிக்கும், பாசியைச் சின்ன இறால் தின்னும், இறாலை மீன் தின்னும். ஆக மீனின் மஞ்சளில் ஒரு பங்காவது சாப்பாட்டில் வந்தது.

நீலத்துக்குச் சாயமே இல்லை. அந்தக் கோட்டைச் சுரண்டி எடுத்து அரைத்தால் நீலப் பொடி கிடைக்காது. பெரும்பாலான மீன்களில் நீலம் வருவது, தோல் செல்களுக்குள் அடுக்கடுக்காக இருக்கும் மிக மெல்லிய படிகத் தகடுகளால். தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி, நீல வெளிச்சம் மட்டும் ஒன்றையொன்று பலப்படுத்திக்கொண்டு திரும்பும்படி அமைந்திருக்கும். சோப்புக் குமிழியில் தெரியும் நிறங்களும், மயில் தோகையின் நீலமும், சிடியைச் சாய்த்தால் ஓடும் வானவில்லும் இப்படி வடிவத்தால் வருபவைதான். இதற்குக் கட்டமைப்பு நிறம் என்று பெயர். தகடுகள் எதனால் ஆனவை தெரியுமா? குவானின். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அதே பொருள், இங்கே கண்ணாடித் தகடு வேலைக்கு வந்திருக்கிறது.

அதனால்தான் உயிருள்ள மீனில் மின்னும் நீலம், செத்தபின் பழைய மாதிரி இருப்பதில்லை. செல்களின் அமைப்பு குலைந்தால் இடைவெளியும் குலையும், இடைவெளி குலைந்தால் நிறம் மாறும்.

பகலில் கூட்டம், இரவில் தனித்தனி

நிறத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான், ஏனென்றால் இந்த மீன் தனியாக இருக்கும்போது அதன் கோடு ஒரு மாதிரி, கூட்டத்தில் வேறு மாதிரி.

பகல் முழுக்க இந்த மீன் எந்த உருப்படியான வேலையும் செய்வதில்லை. ஒரு பெரிய பவளக் குன்று, குகை வாசல், மூழ்கிய கப்பல் என்று ஏதாவது ஒரு அடைக்கலத்தின் பக்கத்தில் கூட்டமாக நின்றுகொண்டிருக்கும். நீரோட்டத்துக்கு எதிராக முகத்தை வைத்துக்கொண்டு, வாலை லேசாக அசைத்து, இடத்தை விட்டு நகராமல். பார்ப்பவருக்குப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூட்டம் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஓய்வு நேரம், இரவு ஷிஃப்ட்காரர்கள் பகலில் படுத்திருப்பது போல.

சூரியன் சாய்ந்தால் கூட்டம் கலைகிறது. ஒவ்வொன்றும் தன் வழியே சுற்றியுள்ள மணலுக்கும் பாறைக்கும் போய், நண்டு, இறால், சின்ன மீன், கணவாய் என்று கிடைத்ததைப் பிடிக்கும். விடிவதற்குள் திரும்பி மறுபடி கூட்டம். அந்தப் பெரிய கண் எதற்கு என்று இப்போது புரியும், அது இருட்டில் வேட்டையாடும் கண்.

கூட்டத்தால் என்ன லாபம்? இரண்டு. முதலாவது வெறும் கணக்கு: இருநூறு பேர் நிற்கும் இடத்தில் ஒரு பாரை வந்து ஒன்றைத் தூக்கினால், அது நானாக இருக்கும் வாய்ப்பு இருநூறில் ஒன்று. இரண்டாவதுதான் சுவாரசியம், குழப்ப விளைவு என்பார்கள். ஒரே மாதிரி உருவங்கள் பல ஒன்றாக நகரும்போது, வேட்டையாடும் விலங்கால் ஒன்றைக் குறிவைத்துக் கண்ணைப் பதிக்க முடியாமல் போவதுதான் அது. தரையில் கொட்டிய கோலிக்குண்டுகளில் குறிப்பிட்ட ஒன்றைக் கண்ணாலேயே பின்தொடர்ந்து பாருங்கள், எவ்வளவு சீக்கிரம் தவறவிடுகிறீர்கள் என்று தெரியும். இதில் நீளவாக்குக் கோடுகளும் கைகொடுக்கின்றன என்று பலர் கருதுகிறார்கள்: ஒரு மீனின் கோடு எங்கே முடிந்து அடுத்ததன் கோடு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாமல், மொத்தக் கூட்டமும் கோடு போட்ட ஒரே துணி மாதிரி அலையும். வேறு மீன் குடும்பங்களை ஒப்பிட்ட ஆய்வுகளிலும் கூட்டமாகத் திரியும் இனங்களுக்கு நீளவாக்குக் கோடும், பாறை இடுக்கில் வாழும் இனங்களுக்குக் குறுக்குப் பட்டையும் அதிகமாக இருப்பது தெரியவந்திருக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை உண்டு. எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். வித்தியாசமாக ஒருவன் இருந்தால் வேட்டை மீனின் கண் நேராக அவன் மேல்தான் போகும்.

இன்னொருவர் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்ட மீன்

இந்த நிபந்தனைக்கு ஒரு நவரை மீன் கொடுத்த பதிலைப் பாருங்கள். நவரை ஸ்னாப்பர் குடும்பமே இல்லை. முகவாய்க்குக் கீழே இரண்டு மீசை வைத்திருக்கும், மணலைத் துழாவி இரை தேடும், வேறு சாதி. பசிபிக்கின் மார்கெசாஸ், லைன் தீவுகளில் வாழும் ஒரு நவரை இனம் மட்டும் உடம்பை மஞ்சளாக்கி, அதில் நீலக் கோடுகள் போட்டுக்கொண்டு, நீலவரிக் கூட்டத்துக்குள்ளேயே நீந்துகிறது. 1980-ல் மீன் ஆய்வாளர்கள் ஜான் ராண்டலும் பால் கேஸேயும் இதைப் புதிய இனமாக விவரித்தபோது வைத்த பெயரே மிமிகஸ், அதாவது நகலெடுப்பவன்.

பொதுவாக நகலெடுப்பு என்றால் விஷமில்லாத பாம்பு விஷப் பாம்பு மாதிரி வேஷம் போடுவதுதான் நமக்குத் தெரியும். இங்கே நீலவரியிடம் காட்டிப் பயமுறுத்த எதுவும் இல்லை. இருப்பது கூட்டம் மட்டும்தான். நவரை நகலெடுத்தது கூட்டத்தில் இடம் பிடிப்பதற்கான யூனிஃபார்மை. விஷ மீன் என்று நிறத்துக்குக் காரணம் சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தோன்றவில்லை.

முட்டை முதல் கடற்புல் வரை

பிறப்பு வளர்ப்பை வேகமாகப் பார்த்துவிடலாம். இனப்பெருக்கமும் கூட்டமாகத்தான். மீன்காட்சியகத் தொட்டியில் கவனித்தவர்கள் சொன்னபடி, ஒரு ஆண் மீன் பெண்ணின் உடம்பைக் கொத்தி உரசத் தொடங்கும், மற்றவையும் வந்து சேரும், கூட்டம் சுழன்று சுழன்று மேலேறி நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே முட்டையையும் விந்தையும் விடும். முட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிது. ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். பெற்றோர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. முட்டையும் குஞ்சும் நீரோட்டத்தில் மிதந்து எங்கெங்கோ போகும், இந்த மீன் அரை உலகத்துக்குப் பரவியது இப்படித்தான். பிழைத்த குட்டிகள் கடற்புல் படுகைகளிலும் அதையொட்டிய சின்னப் பாறைத் திட்டுகளிலும் வளர்ந்து, 20 செ.மீ. தாண்டியபின் அடுத்த சுற்றுக்குத் தயாராகும்.

ஹவாயில் வைத்த வம்பு

இந்த மீனைப் பற்றி நிறத்துக்கு அடுத்தபடி அதிகம் தப்பாகப் பேசப்படுவது ஹவாய் விவகாரம். ஹவாய்த் தீவுகளின் ஆழமில்லாத கடலில் ஸ்னாப்பர் இனங்கள் இயல்பிலேயே மிகக் குறைவு. பிடிக்க நல்ல மீன் வேண்டும் என்று 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் அரசே பிரெஞ்சு பாலினீசியாவிலிருந்து சில மீன் இனங்களைக் கொண்டுவந்து விட்டது. நீலவரியில் ஏறத்தாழ மூவாயிரம் மீன்கள், பெரும்பகுதி மார்கெசாஸிலிருந்து வந்தவை. ஹவாயில் இதற்கு டாஆபே என்று பெயர்.

மூவாயிரம் மீன் ஒரு கடலுக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் 1990-களின் தொடக்கத்தில் அது தீவுத்தொடரின் மறுகோடியான மிட்வே வரை, ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் போய்விட்டது. மிதக்கும் முட்டையும் குஞ்சும் செய்த வேலை. அரசு எதிர்பார்த்தபடி மீன் பெருகியது, ஆனால் அதை வாங்க ஆட்கள் எதிர்பார்த்த அளவு வரவில்லை, சின்ன மீன், விலை குறைவு. அப்புறம் மீனவர்களின் புகார் தொடங்கியது: எங்கள் நல்ல மீன்களின் குஞ்சுகளையெல்லாம் இதுதான் தின்று தீர்க்கிறது என்று.

வயிற்றை அறுத்துப் பார்த்த ஆய்வுகள் அந்தப் புகாரை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. வயிற்றில் இருந்தது நண்டும் இறாலும் சில சின்ன மீன்களும், மீனவர்கள் மதிக்கும் இனங்களின் குஞ்சுகள் அதிகம் இல்லை. இதைக் கேட்டவுடன் "அப்படியானால் மீன் நிரபராதி" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள் சிலர். அதுவும் அவசரம். நீலவரி வந்தபோது அதன் குடலில் ஓர் உருளைப்புழுவும் கூடவே வந்திருக்கலாம் என்று ஒட்டுண்ணி ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், அந்தப் புழு இப்போது ஹவாயின் உள்ளூர் மீன்களிலும் இருக்கிறது. அதோடு, சண்டை சாப்பாட்டுக்கு மட்டும்தான் நடக்கும் என்று யார் சொன்னது? இடத்துக்கும் நடக்கும்.

ஹவாயில் மஞ்சள் துடுப்பு நவரை என்று ஓர் உள்ளூர் மீன் இருக்கிறது. அதுவும் நீலவரியைப் போலவே பகலில் கூட்டமாக ஓய்வெடுத்து, இரவில் இரை தேடப் போகும். நீலவரி வந்தபின் இரண்டும் ஒரே பாறையடியில் ஒன்றாக நிற்க ஆரம்பித்தன, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே மஞ்சள் கூட்டம். ஆய்வாளர்கள் கிட்டே போய் உயரத்தை அளந்து பார்த்தபோது தெரிந்தது வேறு. பாறையை ஒட்டிய, பாதுகாப்பான கீழ் இடத்தை நீலவரி பிடித்துக்கொள்கிறது, நவரை அதற்கு மேலே, திறந்த தண்ணீரில் நிற்க வேண்டியிருக்கிறது. அப்புறம் அந்தப் பாறையிலிருந்து நீலவரிகளை மட்டும் அகற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். நவரைகள் இறங்கி வந்து, பாறையை ஒட்டித் தங்கள் பழைய உயரத்தில் நின்றன.